வலைப்பூவை வளர்த்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

முதலில் அவசரமான விஷயம். என் பழைய ஃபேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராம் கணக்கிலும் ஆடிப்பட்ட நாட்டு விதைத் தொகுப்புக்கு முன்பதிவு நடப்பதாக ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நான் போடவில்லை. அந்த இரண்டு கணக்குகளும் இப்போது என் கையில் இல்லை. அதில் காட்டும் க்யூஆர் கோடுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். பணம் போனதற்கு வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அதில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சமையலோ கோலமோ கவிதையோ, ஏதோ ஒன்றை ஆசையாக எழுதிவந்து, கொஞ்சம் ஆள் சேர்ந்ததும் "வளர்த்துத் தருகிறோம்" என்று போன் வர ஆரம்பித்திருக்கும் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால், அப்படி வந்து என் கணக்குகளைப் பறித்துக்கொண்ட நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு போர்டு மாட்டிவிடுவார்கள். செய்யும் விதம் மட்டும் மாறாது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, பாகல், கீரை என்று வளர்ப்பதை, கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில் எழுதிவந்தேன். தேங்காய் நார்க்கழிவை உப்புப் போக எப்படி அலசுவது, தளத்தில் ஈரம் இறங்காமல் பைகளை எப்படி உயர்த்தி வைப்பது, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை எந்த நேரத்தில் தெளிப்பது, இப்படித்தான் பதிவுகள். வாசகர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்தவர்கள் நின்றார்கள். இலை சுருண்டுபோன மிளகாய்ச் செடியைப் படம் எடுத்து அனுப்பி, "இதுக்கு என்ன பண்ணலாம் அக்கா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டால், கொஞ்ச நாளில் அதே செடி காய்த்து நிற்கிற படம் வரும். ஆனி பாதியிலிருந்து கூட்டம் கூடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும்தானே.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்தார் பேசினார்கள். பேசியவர் ரொம்ப மரியாதையான தம்பி. "அக்கா, உங்க கன்டென்ட் சூப்பர், ரீச்தான் பத்தலை. நீங்க செடியைப் பாருங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." சொந்தப் பெயரில் டொமைன் என்கிற இணைய முகவரி, புதுத் தளம், விளம்பர வருமானம், ஃபாலோயர், கணக்கு அசல்தான் என்று காட்டும் நீல டிக் எல்லாம் ஒரே பேக்கேஜில் அடக்கம். ஒப்பந்தம் என்று ஒன்று அனுப்பினார்கள். அதில் "நிர்வாகம்" என்ற சொல் வரிக்கு வரி இருந்தது. டொமைன் யார் பெயரில், தளம் யார் கணக்கில், பிரியும்போது என்ன திரும்பி வரும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இல்லாமல் போனது தற்செயல் கிடையாது. பிறகு நான் பேசிப் பார்த்த ஒரு சமையல் பதிவருக்கும் இதே தாள்தான் போயிருக்கிறது, பெயர் மட்டும் வேறு.

ஃபாலோயர் விஷயம் சீக்கிரமே பல்லிளித்தது. கத்தரிச் செடித் தண்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிய படத்தைப் போட்டு, "இப்படிப் பார்த்தால் உடனே கிளையை வெட்டிவிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். கீழே வரிசையாக "வாவ்", "ப்யூட்டிஃபுல்", "நைஸ் பிக்". எல்லாம் முகப்படம் இல்லாத, பெயருக்குப் பின்னால் எண்களைக் கோத்த கணக்குகள். இன்ஸ்டாவில் இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதியில் ஃபாலோயர்கள் எந்த ஊர் என்று பார்க்கலாம். மதுரையும் கோவையும் இருந்த இடத்தில் ஜகார்த்தாவும் டாக்காவும் ஏறியிருந்தன. தமிழில் மாடித்தோட்டம் படிக்க ஜகார்த்தாவிலிருந்து அத்தனை பேரா? கேட்டதற்கு, "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் அக்கா, நம்பர் பார்த்துத்தான் நம்பர் வரும்" என்றார்கள்.

வரவில்லை, போனது. காசு கொடுத்துச் சேர்த்த கணக்குகள் எதையும் படிக்காது, சேமிக்காது, யாருக்கும் அனுப்பாது. ஃபாலோயர்களே சீண்டாத பதிவை இன்ஸ்டா புது ஆட்களிடம் கொண்டுபோகாது. எண்ணிக்கை ஏற ஏற, நிஜமான வாசகர்களின் கண்ணில் என் பதிவுகள் படுவது குறைந்தது. "அக்கா, இப்ப எழுதுறதில்லையா?" என்று பழைய வாசகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நான் தினமும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். இந்த வியாபாரம் நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் போலி ஃபாலோயர் விற்ற தேவுமி என்ற நிறுவனத்தின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2019-இல் நடவடிக்கை எடுத்தது. போலி ஃபாலோயரை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி அங்கே 2024-இல் வந்தது.

நீல டிக்குக்கு, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் நடத்தும் மெட்டாவில் தங்களுக்கு ஆள் இருப்பதாகச் சொல்லித் தனியாக 15,000 ரூபாய் கேட்டார்கள். அதை நான் கொடுக்கவில்லை. 2023 ஜூனிலிருந்து இந்தியாவில் மெட்டா வெரிஃபைடு என்று மாதச் சந்தாவாகவே அது கிடைக்கிறது, அறிமுகமானபோது மொபைலில் மாதம் 699 ரூபாய். அரசு அடையாள அட்டையைக் காட்டி நாமே போட்டுக்கொள்ளலாம். "உள்ளே ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வலித்தது விளம்பர வருமானத்தில் நடந்ததுதான். நம் தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழ்த் தளங்களுக்கும் உண்டு. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. நம் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்பும். 100 டாலர் தாண்டினால் பணம் வங்கிக்கு வரும். என் தளத்தில் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்தத் தபாலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் "இன்னும் 10 டாலர் ஆகலை அக்கா, தமிழுக்கு ரேட் கம்மி" என்பதே பதில். தமிழுக்கு விளம்பரக் காசு குறைவு என்பது உண்மைதான், அதனால் நம்பும்படியாக இருந்தது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஒரு சின்ன கோப்பு. விளம்பரம் ஓடும் தளங்களில் பொதுவாக ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) என்று ஒன்று இருக்கும். தள முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூகுள் என்று தொடங்கும் வரியில் பப் என்ற எழுத்துகளையொட்டி 16 இலக்க எண் ஒன்று இருக்கும். விளம்பரப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது அந்த எண்தான். கணினி தெரிந்த என் தங்கை மகன் அதைத் திறந்து, என் ஆட்சென்ஸ் கணக்கின் எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டினான். வேறு எண். அதே எண் அந்தச் சமையல் பதிவரின் தளத்திலும் இருந்தது. எங்கள் இருவருடைய எழுத்துக்கும் வந்த காசு ஒரே பைக்குப் போயிருக்கிறது. ஏஜென்சி வைத்துத் தளம் நடத்துகிற யாரும் இன்றைக்கே இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இதற்கு நடுவில் ஒரு ரசாயனப் பூச்சிக்கொல்லியைப் புகழ்ந்து என் பெயரிலேயே ஒரு பதிவு வந்தது, விளம்பரம் என்ற குறிப்புகூட இல்லாமல். இயற்கை முறை மட்டும் எழுதும் இடம் அது. நான் சத்தம் போட்ட பிறகு எடுத்தார்கள். பணம் வாங்கிய பதிவில் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. முதல் முறை மீறினாலே அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம், பதில் சொல்ல வேண்டியவர்களில் யார் பெயரில் பதிவு வருகிறதோ அவரும் ஒருவர்.

கணக்குக் கேட்டேன். மறுநாள் தளத்தின் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் எனக்குப் பதிவு போடும் அனுமதி மட்டும் மிஞ்சியிருந்தது, அதுவும் இரண்டொரு நாளில் போனது. டொமைன் அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. வீட்டை வாடகைக்குப் பார்த்துக்கொள்ளச் சொன்ன தரகர் பத்திரத்தையே தன் பெயருக்கு எழுதிக்கொண்ட கதைதான். "ஹேண்டோவர் சார்ஜ்" 40,000 ரூபாய் கட்டினால் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் புதுப்பிக்கிற டொமைன் அது. ஆடி பிறக்கப்போகிற நேரம் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். வருடத்தில் அதிகம் பேர் தேடி வரும் மாதம் அதுதான் என்பது அவர்களிடம் இருந்த கணக்கிலேயே தெரியும்.

ஃபேஸ்புக்கில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஏஜென்சிகள் வேலை செய்ய ஒரு பிசினஸ் கணக்கு வைத்திருப்பார்கள். அதிலிருந்து நம் பக்கத்துக்கு இரண்டு விதமான கோரிக்கை வரலாம். வேலை செய்ய அனுமதி கேட்பது ஒன்று. பக்கத்தையே தங்கள் பிசினஸ் கணக்கின் சொத்தாகச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. போனில் பார்க்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், "ஓகே கொடுங்க அக்கா" என்று லைனில் இருந்துகொண்டே சொல்வார்கள். இரண்டாவதுக்கு ஓகே ஆகிவிட்டால் அப்புறம் அவர்கள் விட்டால்தான் பக்கம் வெளியே வரும். அனுமதி கேட்கும் கோரிக்கையைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். முழுக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதைப் பக்கத்தின் அமைப்புகளில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாவை மீட்கவும் பார்த்தேன். முகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, கணக்கில் இருக்கும் நம் படங்களோடு ஒப்பிட்டு மீட்டுக்கொடுக்கும் வழி ஒன்று அதில் உண்டு. என் கணக்கில் இருந்ததெல்லாம் செடியும் மண்ணும் என் கையும். முகம் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. தோட்டம், சமையல், கைவினை என்று எழுதுபவர்கள் உங்கள் முகம் தெரியும் படம் ஒன்றிரண்டையாவது கணக்கில் வைத்திருங்கள்.

மீண்டது என்னவென்றால், என் ஜிமெயிலில் இருந்ததெல்லாம் மீண்டது. பிளாகரில் எழுதிய பழைய பதிவுகள் அப்படியே இருந்தன, அவர்களால் அதைத் தொட முடியவில்லை. புதுத் தளத்தில் எழுதியவற்றில் பெரும்பகுதியை வேபேக் மெஷினிலிருந்து எடுத்தேன். இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் ஆவணக் காப்பகம் அது. பல பதிவுகளுக்குப் படம் கிடைக்கவில்லை. வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல் என்னிடமே இருந்ததால் புது முகவரியை அவர்களுக்கு எழுதிச் சொல்ல முடிந்தது. ஃபாலோயர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது சின்னப் பட்டியல். ஆனால் எழுதிய அன்றே பதில் வந்தது, "இந்த வருஷம் விதை போடலாமா வேண்டாமான்னு உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்" என்று. ஃபாலோயர்களை அந்தந்தத் தளத்தை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மின்னஞ்சல் பட்டியலை மட்டும் எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

டொமைன் அவர்கள் பெயரில் இருந்தாலும் எழுத்து என்னுடையது. பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர், எழுத்துபூர்வமாக மாற்றிக்கொடுத்தால்தான் அது இன்னொருவருக்குப் போகும். அந்த ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. இதை வைத்து, அந்தத் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் நீக்கக் கோரிக்கை அனுப்பினேன். என் போனில் இருந்த அசல் படங்கள், எடுத்த தேதியோடு, அதற்குச் சாட்சியாக இருந்தன. என் கட்டுரைகள் அந்தத் தளத்திலிருந்து இறங்கிவிட்டன. மத்திய உள்துறையின் சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, ஆனால் பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். இது வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, வக்கீலிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இப்படியொரு நிறுவனத்தோடு இருப்பவர்கள், பிரிவதற்கு முடிவு செய்தால் அதை அவர்களிடம் சொல்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாப் பதிவுகளையும் படங்களையும் பதிவிறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. அடுத்து இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப் ஒவ்வொன்றிலும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதுதானா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றுங்கள். அப்புறம் டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி, மாற்றுவதற்கான குறியீட்டு எண்ணை எழுத்தில் கேளுங்கள். வருமான வரிக்கு ஆடிட்டர் கேட்கிறார் என்று சொன்னால் போதும். டொமைன் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகு, மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.