டாங்கிளா, ஆடியோ இன்டர்ஃபேஸா?

லேப்டாப் ஜாக்கில் இயர்ஃபோனைச் செருகியதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், மவுஸை நகர்த்தினால் கிறீச் ஒலி. மதர்போர்டின் மின் இரைச்சல் அது. ஒலி சிப்பை வெளியே கொண்டுவந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு யுஎஸ்பி-சி டாங்கிள் (போர்ட்டில் செருகி இயர்ஃபோனை இணைக்கும் சிறிய அடாப்டர்) போதும். ஆப்பிளின் டாங்கிள் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தரும். வெளியீடு சுமார் 1 வோல்ட் (ஐரோப்பிய மாடலில் பாதிதான்). 16, 32 ஓம் (மின்தடை அளவு) இயர்ஃபோனுக்குத் தாராளம். 300 ஓம் ஹெட்ஃபோனில் சத்தம் பற்றாமல் போகலாம்.

பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) வைத்திருந்தால் கதை வேறு. 'ம்ம்' என்று ஹம் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அநேகமாக கிரவுண்ட் லூப், அதாவது லேப்டாப்பும் ஸ்பீக்கரும் கிரவுண்ட் (எர்த்) வழியே வளையமாக இணைந்து எழுப்பும் இரைச்சல். டாங்கிள் போட்டாலும் போகாது, யுஎஸ்பி வழியாகவும் கிரவுண்ட் தொடர்கிறதே! இங்கே ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் சரி; மைக், ஸ்பீக்கர்களை இணைக்கும் யுஎஸ்பி பெட்டி இது. பின்பக்கம் உள்ள 6.35 மி.மீ. பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து (இரண்டு சிக்னல் கம்பிகளால் இரைச்சலை ரத்து செய்யும் வெளியீடு) 2 டிஆர்எஸ் (3 முனை) கேபிள் இழுக்க வேண்டும். ஸ்பீக்கரிலும் பேலன்ஸ்டு உள்ளீடு இருக்க வேண்டும். மலிவென்று டிஎஸ் (2 முனை, பேலன்ஸ்டு அல்லாத) கேபிள் வாங்கினால் ஹம் திரும்பிவிடும். கண்டென்சர் மைக் (இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) இருந்தால் அதற்கு 48 வோல்ட்டும் இன்டர்ஃபேஸிலிருந்தே கிடைக்கும். விண்டோஸில் ரெக்கார்டிங் செய்வதென்றால் ஏசியோ (ASIO, ஒலித் தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரை நிறுவுங்கள், இல்லையேல் குரல் தாமதமாகக் கேட்கும்.

ஒரு குறை: மைக்கோடு வரும் 4 முனை ஹெட்செட்டைச் செருகினால் அதன் மைக் இன்டர்ஃபேஸில் எடுக்காது. வீடியோ மீட்டிங்குக்கு மட்டும் என்றால் டாங்கிளே மேல்.