12 வார பாசிவ் இன்கம் வகுப்பு: மூன்று வருடம் நேரம் குறித்து வைத்த பிறகு எழுதும் மதிப்புரை

'பாசிவ் இன்கம்', அதாவது ஒரு தடவை உழைத்துவிட்டால் பிறகு தானாக வந்துகொண்டிருக்கும் வருமானம், இருந்தால் வாரம் 45 மணி நேரம் வேலை பார்க்கிறவர் ஒன்றரை வருடத்தில் வாரம் 10 மணி நேரத்துக்கு வந்துவிடலாம் என்று சொன்ன ஆன்லைன் வகுப்பு ஒன்றில் 2022 ஜனவரியில் சேர்ந்தேன். 12 வாரம், சனி ஞாயிறு மாலையில் லைவ் வகுப்பு, பதிவு செய்த பாடங்கள், ஒரு வாட்ஸ்அப் குழு. வகுப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வாக்குறுதியோடு எத்தனையோ வகுப்புகள் நடக்கின்றன, நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். முடிந்த வாரமே மதிப்புரை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அன்று எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். பலன் தெரிய நாளாகும் என்று தோன்றியதால் காத்திருந்தேன்.

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் சேர்ந்த அன்றே ஒரு எக்செல் ஷீட் திறந்து, இந்த முயற்சிக்குப் போகும் ஒவ்வொரு அரை மணியையும் குறிக்க ஆரம்பித்தேன். இந்த மதிப்புரைக்கு ஆதாரமே அந்த ஷீட்தான்.

சேர்ந்ததற்குக் காரணம் அப்பா. அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வாரத்தில் ஒரு முழு நாளாவது அவரோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 10 மணி நேர வாரம் கிடைத்தால் நல்லது, ஒரு நாள் கிடைத்தால்கூடப் போதும் என்ற மனநிலையில்தான் பணம் கட்டினேன்.

தொகைகளை எந்த நாணயத்திலும் எழுதவில்லை. என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், உங்கள் சம்பளத்துக்கு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்புக் கட்டணம் 70. அப்போது என் மாதச் செலவு 80.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிஜமாகவே நல்ல பாடங்கள் இருந்தன. மூன்றாவது வாரப் பாடம் எதை விற்கலாம் என்று தேடுவதைப் பற்றியது. யாரோ உங்களிடம் திரும்பத் திரும்ப வந்து கேட்கும் உதவி எது என்று எழுதிப் பாருங்கள் என்றார்கள். எனக்கு உடனே பதில் கிடைத்தது. தெரிந்தவர்களில் சிறிய கடையோ கிளினிக்கோ நடத்துகிறவர்கள் ஷிஃப்ட் பட்டியலும் வருகைப் பதிவும் போட்டுத் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். அதையே, வாங்குகிறவர்கள் தங்கள் விவரங்களை நிரப்பிப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டாகச் செய்து விற்கலாம் என்று முடிவு செய்தேன். ஐந்தாவது வாரம் விலை வைப்பதைப் பற்றி. மலிவாகக் கொடுத்தால் அதிகம் விற்கும் என்று நான் நினைத்திருந்தேன். விலை மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் பின்னால் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரம் லாபத்தைத் தின்றுவிடும் என்று கணக்கோடு காட்டினார்கள். அந்த ஒரு பாடம் என்னைப் பெரிய தப்பிலிருந்து காப்பாற்றியது.

மற்ற பாடங்களை அவ்வளவு பாராட்ட முடியாது. யூடியூப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று சொன்னார்கள். சரியான தகவல்தான். ஆனால் 4,000 மணி நேரம் என்றால் என்ன என்று யாரும் பிரித்துக் காட்டவில்லை. 10 நிமிட வீடியோ என்றால் அதை 24,000 முறை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். அது வருமானம் ஆரம்பிப்பதற்கான வாசல் மட்டும்தான்.

ஒன்பதாவது வார முதலீட்டுப் பாடம்தான் என்னை மிகவும் வருத்தியது. வருடம் 12 சதவீதம் வளரும், அதில் 10 சதவீதம் எடுத்துச் செலவழிக்கலாம், முதல் அப்படியே இருக்கும் என்று ஸ்லைடு போட்டார்கள். ஏறி இறங்கும் சந்தை ஒரே சீராக வளரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. விலைவாசி உயர்வு அதில் இல்லவே இல்லை. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் அமெரிக்கப் பங்கு, பத்திரச் சந்தைகளின் பழைய வரலாற்றை எடுத்துப் பார்த்தார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்று கண்டார். அதுவும் ஒரு நாட்டின் வரலாறு, 30 வருடக் கணக்கு. நாற்பது வயதில் வேலையை விட நினைப்பவருக்கு 30 வருடம் போதாது.

அந்த 4 சதவீதத்தையே வைத்து என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாதம் 80 செலவு, வருடத்துக்கு 960. 4 சதவீதம் என்றால் 25-ல் ஒரு பங்கு, ஆக தேவை அதன் 25 மடங்கு, 24,000. அதாவது என் 20 வருட முழுச் சம்பளம். மாதம் 20 சேமித்து, விலைவாசி போக வருடம் 5 சதவீதம் வளர்ந்தால்கூட அதைச் சேர்க்க ஏறக்குறைய 37 வருடம் ஆகும். செலவு 60 ஆகவும் சேமிப்பு 40 ஆகவும் மாறினால் அதே கணக்கு 22 வருடத்துக்குக் கீழே வருகிறது. தேவையும் குறைகிறது, சேர்வதும் கூடுகிறது, செலவைக் குறைப்பதன் பலம் அதுதான். 12 வாரத்தில் ஒரு பாடம்கூடச் செலவைப் பற்றி இல்லை. சின்ன மனசுக்காரர்கள்தான் செலவைப் பார்ப்பார்கள், பெரிய மனசுக்காரர்கள் வரவைப் பார்ப்பார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வாடகையும் கடனும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற 60 பேரைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

சரி, என் டெம்ப்ளேட் கதைக்கு வருகிறேன். 2022 ஜூலையில் முதல் டெம்ப்ளேட் விற்பனைக்குப் போனது. அந்த வருடம் நான் செலவிட்டது 620 மணி நேரம். வாரத்துக்கு 12 மணி நேரம். ஆக, வேலை நேரத்தைக் குறைக்கச் சேர்ந்த நான் அந்த வருடம் முழுக்க வாரம் 57 மணி நேரம் உழைத்தேன். வந்த வருமானம் மொத்தமாக 61, ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. மணிக் கணக்கில் பார்த்தால் என் வேலையில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாம் வருடம் 210 மணி நேரம், வருமானம் 150. மூன்றாம் வருடம் 130 மணி நேரம், 168. மூன்றாம் வருடத்தை மட்டும் எடுத்துக் காட்டினால், மணிக்குச் சம்பளத்தைப்போல இரண்டரை மடங்கு. விளம்பரத்தில் போடுகிறவர்கள் அந்த மூன்றாம் வருடத்தைத்தான் போடுவார்கள். மூன்று வருடத்தையும் சேர்த்தால் 960 மணி நேரத்துக்கு 379. கட்டணத்தைக் கழிப்பதற்கு முன்பே என் சம்பள விகிதத்தை அது எட்டவில்லை. நாலாம் ஐந்தாம் வருடங்களும் இப்படியே போனால் எட்டிவிடும் என்று நம்புகிறேன்.

'ஒரு தடவை ஏற்றிவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் விற்கும்' என்பது வகுப்பில் தினமும் கேட்ட வாக்கியம். தூங்கும்போது விற்கிறது, அது உண்மை. தூங்கும்போது கேள்விகளும் வருகின்றன. 2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை. ஒரு நாள் கூலியைக் கணக்கிடும் ஃபார்முலாவில் பிப்ரவரிக்கு 28 நாள் என்று நான் எண்ணாகவே போட்டிருந்தேன். அன்று இரவு 11 பேரிடமிருந்து மின்னஞ்சல். ஒருவர் கிளினிக் நடத்துகிறவர், இரவு ஷிஃப்ட் பார்த்த ஊழியருக்கு 29-ஆம் தேதிச் சம்பளம் விடுபட்டிருந்தது. எனக்கு அலுவலகத்தில் மாதக் கடைசி, தலைக்கு மேல் வேலை. ஆனால் அங்கே ஒருவருடைய ஒரு நாள் உழைப்புக்குப் பணம் வராமல் இருக்கும்போது எப்படித் தூங்குவது? இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து திருத்தி, வாங்கியிருந்த எல்லாருக்கும் புதுப் பிரதி அனுப்பி, மூன்று பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இதில் 'பாசிவ்' என்று எதுவும் இல்லை. நம் பொருளை நம்பி ஒருவர் சம்பளம் போடுகிறார் என்றால் அதற்குப் பொறுப்பு நாம்தான்.

அமெரிக்க வருமான வரிச் சட்டம் 1986-ல் இந்த 'பாசிவ்' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை கொண்டுவந்தது. ஒரு தொழிலில் நீங்கள் உண்மையாக ஈடுபடாவிட்டால்தான் அது பாசிவ். ஈடுபாட்டை அளக்க வைத்த அளவுகோல்களில் ஒன்று, வருடம் 500 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது. இன்னொன்று, மணி நேரம் குறைவாக இருந்தாலும் அந்தத் தொழிலின் வேலை கிட்டத்தட்ட முழுவதையும் நீங்களே செய்வது. முதலாவதன்படி என் முதல் வருடமும், இரண்டாவதன்படி மூன்று வருடமும் பாசிவ் ஆகாது. வரி அதிகாரிகளுக்குப் புரிந்த இந்த வித்தியாசத்தை வகுப்பில் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

வகுப்பு நடத்துபவர், தான் வாரம் 5 மணி நேரம் மட்டும் வேலை செய்வதாகச் சொல்வார். அப்படியானால் அது அவருக்கு எப்படி முடிகிறது? பத்தாவது வார லைவில் பேச்சுவாக்கில் அவரே சொன்னார், கேள்விகளுக்குப் பதில் எழுதவும் வீடியோ வெட்டவும் விளம்பரம் போடவும் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று. எனக்கு அங்கேதான் விளங்கியது. மணி நேரம் மறைந்துபோகவில்லை, அந்த ஆறு பேரிடம் போயிருக்கிறது. அதில் தவறில்லை, ஆள் வைத்துத் தொழில் செய்வது கௌரவமான விஷயம். ஆனால் அது முதலாளியாவது. முதலும் ஆள் நிர்வாகமும் வேண்டிய வேலை அது. அப்புறம் உங்கள் வருமானத்தில் இந்த வகுப்பிலிருந்து வருவது எவ்வளவு என்று குழுவில் மரியாதையாகக் கேட்டேன். பதில் வரவில்லை. மறுநாள் காலை கேள்வியே குழுவில் இல்லை. கட்டணம் கட்டியவரின் நியாயமான கேள்வியை அழிக்கிற இடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது.

தொடக்க விழாவில் ஒரு மேற்கோள் காட்டினார்கள். பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930-ல் எழுதிய கட்டுரையில், நூறு வருடத்தில் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்றார். உலகம் அதை உங்களுக்குத் தரவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைதட்டல் வாங்கினார்கள். நான் பிறகு தேடிப் படித்தேன். இருக்கிற வேலையை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றித்தான் கெய்ன்ஸ் பேசுகிறார். அந்த வாசிப்பு என்னை வேறு பக்கம் தேட வைத்தது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வாரம் 40 மணியிலிருந்து 35, 36 மணியாகக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் குறைந்த வேலை நேரத்தைச் சோதித்தன, பெரும்பாலானவை அதன் பிறகும் தொடர்ந்தன. அந்த அறிக்கைகளை அச்செடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

முழுச் சம்பளத்தோடு நாலு நாள் கிடைக்கவில்லை. "நாலு நாள் வேலை, நாலு நாள் சம்பளம், ஆறு மாதம் பார்ப்போம் மேடம்" என்றார். 2024 ஜூனில் ஒப்புக்கொண்டேன். 36 மணி நேரம், சம்பளம் 80. அதற்குள் வண்டிக் கடன் முடிந்து செலவு 72-க்கு வந்திருந்தது. டெம்ப்ளேட்டிலிருந்து மாதம் சராசரியாக 14. ஆக வரவு 94, செலவு போக 22 மிஞ்சுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் கூடவே. டெம்ப்ளேட்டுக்கு வாரம் இரண்டரை மணி நேரம் போகிறது. எல்லாம் சேர்த்து 38.5 மணி நேரம். வகுப்பு சொன்னது 10 மணி நேர வாரம், எனக்குக் கிடைத்தது 45-லிருந்து ஆறரை மணி நேரக் குறைப்பு. அந்த ஆறரை மணி நேரம் என் வீட்டை மாற்றிவிட்டது. டெம்ப்ளேட் வருமானம் இல்லாமல் மேலாளரிடம் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு வந்திருக்காது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வகுப்புக்கு ஐந்தில் இரண்டு கொடுக்கிறேன். மூன்றாவது, ஐந்தாவது வாரப் பாடங்களுக்காக மட்டும். ஏற்கெனவே கையில் ஒரு தொழில் நுணுக்கம் இருந்து, ஒரு வருடம் வாரம் 12 மணி நேரம் கூடுதலாகப் போட வீட்டுச் சூழல் இடம் கொடுக்கிறவர்களுக்கு இது உதவும். கடன் வாங்கிச் சேராதீர்கள், ப்ளீஸ். என் குழுவில் அப்படிச் சேர்ந்து, தவணைக்காக ஓவர்டைம் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஏழாவது வாரத்துக்குப் பிறகு அவரை லைவில் பார்க்கவில்லை.

போன மாதம் 'லெவல் 2' என்று இருமடங்குக் கட்டணத்தில் அழைப்பு வந்தது. என் மூன்று வருட ஷீட்டை இணைத்து, சேர விருப்பமில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் இதைக் காட்டுங்கள் என்று பதில் எழுதினேன்.

புதன்கிழமைதான் எனக்கு விடுமுறை. காலையில் அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன். தலையங்கத்தை நடுவில் நிறுத்தி விவாதம் செய்வார், அதனால் பத்து மணி தாண்டிவிடும். இந்த வாரம் அவர் மதியம் தூங்கிய நேரத்தில் வாடிக்கையாளர்களின் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன். 40 நிமிடம் ஆனது, ஷீட்டில் குறித்தாயிற்று.