ஒரே லேப்டாப்பா, டெஸ்க்டாப்போடு ஒரு பழைய திங்க்பேடா?

கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, 4070 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் ஒன்று வாங்கிட்டா வீட்டுக்கும் மண்டபத்துக்கும் அதுவே போதும்ல?" நானும் நாலு வருஷம் அப்படி நினைத்துக்கொண்டு இருந்தவன்தான். இப்போது கேட்டால், வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப், மண்டபத்துக்கு ஒரு பழைய லேப்டாப் என்பேன்.

முதலில் அந்த 4070-ஐப் பார்த்துவிடுவோம். டெஸ்க்டாப்புக்கு வரும் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 5888 கூடா கோர்கள் (கணக்குப் போடும் குட்டி யூனிட்டுகள்), 12 ஜிபி மெமரி, 200 வாட். அதே பெயரில் லேப்டாப்பில் வருவது வேறு சிப்: 4608 கோர், 8 ஜிபி. எத்தனை வாட் கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் இஷ்டம், மெலிசான மாடலென்றால் இன்னும் குறையும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4கே கிளிப்புக்கு, படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தால் 8 ஜிபிக்கும் 12 ஜிபிக்கும் உள்ள தூரம் தெரியும். 8 ஜிபி என்றால், எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டரில் பாதியிலேயே மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடலாம். இதற்குக் கீழே வரும் 4060 கார்டில் மட்டும் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, இரண்டிலும் 3072 கோர், 8 ஜிபிதான்.

அப்புறம், இந்த லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்ப்பேன் என்பதெல்லாம் கடையில் நிற்கும்வரைதான். சார்ஜரைக் கழற்றிய நிமிடமே கார்டின் வேகம் விழுந்துவிடும். செங்கல் மாதிரி ஒரு 230 வாட் அடாப்டரையும் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும். என்னுடையது நாள் முழுக்க சார்ஜிலேயே கிடந்தது. ஒருநாள் டச்பேட் அழுந்தவில்லை. மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடியது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதில் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டெஸ்க்டாப்பில் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போய் வாங்கி வந்து அன்று இரவே வேலையைத் தொடரலாம். லேப்டாப்பில் மதர்போர்டு போனால் பிராசசரும் கார்டும் சேர்ந்தே போச்சு. 2018-இல் வந்த பி450 மதர்போர்டுகள் பலவற்றில், போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை சாஃப்ட்வேரை மட்டும் அப்டேட் செய்து 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட முடிந்தது. எந்த லேப்டாப்பில் இது நடக்கும்?

சரி, கையில் கொண்டுபோக? பழசைச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்ட் லேப்டாப்களில், லெனோவோவின் திங்க்பேட் டி480 போதும். டி470 இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் 7-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. டி480-இல் கேமரா மெமரி கார்டு போடும் ரீடர் இருக்கிறது, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரியும் உண்டு. மண்டபத்தில் மெமரி கார்டைக் காலி செய்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றவும், வீட்டில் எடுத்த பிராக்ஸியை (அசல் வீடியோவின் சின்ன சைஸ் நகல்) வைத்து கட் செய்யவும் தாராளம். திரைதான் மங்கல், அதில் கலர் பார்க்கக் கூடாது. எந்த மெஷினில் இருப்பது கடைசி பிராஜெக்ட் ஃபைல் என்ற குழப்பமும் வரும். "ஃபைனல் புதுசு 3" என்று என்னிடமே ஒரு ஃபைல் இருக்கிறது.

ஹாஸ்டலில் இருப்பவருக்கும், வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவருக்கும் நான் டெஸ்க்டாப் சொல்ல மாட்டேன். காலையில் முகூர்த்தம், மாலை ரிசப்ஷனில் திரையில் ஓட்ட வேண்டும் என்று சேம் டே எடிட் கேட்பவர்களுக்கும் பெரிய லேப்டாப்தான் சரி.

"போன ஆறு மாசத்துல சேம் டே எத்தனை செஞ்சீங்க தம்பி?"

"ரெண்டுண்ணே."

அந்த இரண்டு நாளைக்கு வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க ஏரியாவுல கரண்ட் அடிக்கடி போகுமே, டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யூபிஎஸ் தாங்குமா?" என்றார். தாங்காது. அது கொடுப்பது 360 வாட் அளவுதான், ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ-க்குக் குறையாமல் பட்ஜெட்டில் சேர்க்கச் சொன்னேன்.