பதநீரும் தேனும் மங்குஸ்தானும் ஒரே நாளில் தருகிறார்களாம்: 3,150 ரூபாய் முன்பணம் கட்டிய என் கதை

தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று எங்களை ஏமாற்றிய இடத்தின் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம். புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழியாக முடியும்வரை பெயர் சொல்வதாக இல்லை. குமரி மாவட்டத்தின் மலையோரப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்படி ஒன்றல்ல, நாலைந்து இடம் இப்போது முளைத்திருப்பதாகக் கேள்வி.

ஆயுத பூஜை லீவுக்குச் சென்னையிலிருந்து தங்கச்சி குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகளுக்கு நாலு வயது. வாழைக்குலை கடையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறாளே தவிர, வாழை மரத்தில் பார்த்ததில்லை. திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை எல்லாம் போன தடவையே போயாயிற்று. சரி, ஏதாவது தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்று பேசிக்கொண்டிருந்த அன்றைக்கே எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் அந்த விளம்பரம் வந்து விழுந்தது.

‘கிராமத்துத் தோட்டத்தில் ஒரு நாள்.’ கீழே வரிசையாகப் படங்கள். ஓலைப் பட்டையில் பதநீர், தேனடையைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, கொத்துக் கொத்தாக மங்குஸ்தான், மண்பானையில் நாட்டுக்கோழிக் குழம்பு, ரப்பர் பால்வெட்டு, மாட்டுவண்டி. பெரியவர்களுக்கு 900 ரூபாய், பிள்ளைகளுக்கு 600. நாங்கள் பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று. மொத்தம் 6,300. பாதியை முன்பணமாகக் கட்டினால்தான் இடம் உறுதி என்றார்கள். ஜிபேயில் 3,150 அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆபீஸில் வெளியூர்க்காரர்களிடம் எந்த மாதத்தில் எந்தப் பழம் என்று பெருமையாக வகுப்பே எடுப்பேன். அந்த விளம்பரத்தை நிதானமாக ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். பதநீர் மாசி பங்குனியில் சூடுபிடித்து ஆனியோடு அடங்கிவிடும். மங்குஸ்தான் ஆனிக்கும் ஆவணிக்கும் நடுவில். தேன் தையிலிருந்து சித்திரை வரை. நாங்கள் போனது புரட்டாசிக் கடைசி. மூன்றில் ஒன்றுகூட இல்லாத நேரம். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்ற நினைப்பில் கண் மறைத்துவிட்டது.

வாசலில் பார்க்கிங்குக்கு 100 ரூபாய் வாங்கினார்கள். அது விளம்பரத்தில் இல்லை. முதல் நாளே சண்டை எதற்கு என்று கொடுத்தேன். (முதல் நாள் என்ன, இருந்ததே ஒரு நாள்தான்.) உள்ளே போனதும் பேப்பர் கப்பில் பதநீர் வந்தது. மணி பதினொன்று.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது பனையேறும் வீடு. தாத்தா விடியுமுன் ஏறி இறக்கிக் கொண்டுவரும் அக்கானியைக் கருப்பட்டி காய்ச்ச அடுப்பில் வைக்கும் முன்னால், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பட்டையில் ஊற்றிக் கொடுப்பாராம். எழுபது தாண்டிய பிறகும் அம்மா பதநீர் என்று சொல்வதில்லை, அக்கானிதான். ஒரு வாய் குடித்தார். அப்புறம் கப்பை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்த்தார்.

“இது அக்கானி இல்ல மக்கா. கலயத்துல சுண்ணாம்பு தேச்சிருந்தா அடியில கொஞ்சமாவது தெளிஞ்சு கெடக்காதா? சீனித் தண்ணியில என்னத்தையோ விட்டுருக்கானுவ.”

தெரியாதவர்களுக்காக: பாளையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதநீர். தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. சுண்ணாம்பு சேர்ந்த பதநீரும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் காலையில் குடித்து முடிப்பது. எங்களுக்கு வந்தது தெளிந்த சர்பத். ஊற்றிக் கொடுத்த பையனிடம், “தம்பி, இது எந்தப் பனையில இறக்கினது?” என்று கேட்டேன். பின்பக்கம் கை காட்டினான். அங்கே நின்றது முழுக்கத் தென்னை.

மங்குஸ்தான் மரம் இரண்டு இருந்தது. இலை மட்டும். “போன வாரம்தான் தீர்ந்துது சார்” என்றார்கள். ரப்பர் பால்வெட்டைப் பன்னிரண்டு மணி வெயிலில் காட்டினார்கள். இருட்டு பிரியும் முன்னே வெட்டுகிற வேலை அது. வெயில் ஏறினால் பால் ஒழுகுவது நின்றுவிடும். அங்கிருந்த ஒருவர் ஒரு மரத்தில் கத்தியால் கீறினார், இரண்டு சொட்டு வந்தது, தேங்காய்ச் சிரட்டையில் ஏற்கெனவே உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அவர்களுக்கு அதுவே பெரிய விளையாட்டு. எனக்கும் மச்சானுக்கும் காலில் அட்டை ஏறியது. மழைக்கால ரப்பர் தோட்டம் என்றால் அட்டை இருக்கத்தான் செய்யும், அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அட்டை மேல் போட ஒரு கை உப்பு வைத்திருந்திருக்கலாம்.

தேன் விஷயத்தில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். ரப்பர் மரத்தடியில் மூன்று தேன்பெட்டி. அங்கிருந்தவர் அதில் ஒன்றைத் திறந்து, புகை போட்டு, தேனடைச் சட்டத்தை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். பெட்டிக்குள்ளே ஒரு சிரட்டை, அதில் பாதிக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ, அதன் மேல் இரண்டு மூன்று ஈர்க்குச்சி மிதந்தது. என் மகன்தான் கேட்டான், “அது என்ன அங்கிள்?” “தேனீ குடிக்கத் தண்ணி” என்றார். உடனே பக்கத்துத் திண்ணையிலிருந்து பாட்டில் வந்துவிட்டது. “இந்தப் பெட்டியில நேத்து எடுத்தது. சுத்தமான மலைத்தேன், கிலோ 650.” மூன்று பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் லேபிளைப் பார்த்தேன். பூவும் தேனீயும் அச்சடித்திருந்தது. எடுத்த தேதி இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லை, ஊர் பெயர்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து ஆபீஸ் நண்பரின் மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன். மார்த்தாண்டம் பக்கம் பல வருடமாகப் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறவர். சிரட்டை என்றதுமே சிரித்துவிட்டார்.

“மழைக்காலத்துல ஈக்கு வெளியில திங்க ஒண்ணும் கிடையாது தம்பி. பட்டினி கெடந்து சாவாம இருக்க நாங்களே சீனிப்பாகு காச்சி சிரட்டையில வைப்போம். முங்கிச் சாவாம இருக்கத்தான் குச்சி. ஈ அதையும் கொண்டுபோய் அடையிலதான் சேத்து வைக்கும். அதைப் பிழிஞ்சு வித்தா அது தேனா?”

நம்ம பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அதுவும் பூவிலிருந்து வருவதில்லை. மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பைத்தான் ஈக்கள் எடுக்கும். தளிர் முற்றிவிட்டால் அந்த வருட வேலை ஏறக்குறைய முடிந்தது. அப்புறம் மழை தீரும்வரை ஈக்களைக் காப்பாற்றுவதே பாடு. ஆக, புரட்டாசியில் ‘நேற்று எடுத்த தேன்’ என்றால் ஒன்று அது சீனிப்பாகு, இல்லை எங்கோ வாங்கி ஊற்றிய சரக்கு.

தேன் அசலா என்று பார்க்கத் தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, தண்ணீரில் விடுவது எல்லாம் சும்மா என்றும் அந்த மாமா சொன்னார். தேன் அடியில் கட்டியாக உறைந்தால் போலி என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் தப்பு. ரப்பர் தேன் சீக்கிரமே உறையும். அவரிடமே ஒரு கிலோ வாங்கலாம் என்று கேட்டால், “போன சீசன்ல உள்ளது தீந்து போச்சு. தை கழிஞ்சு வா” என்று அனுப்பிவிட்டார். 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. மூலம் பெட்டியில் ஈ வளர்க்கக் கற்றுக்கொண்ட ஊர் மார்த்தாண்டம். அந்தப் பேரை வைத்துத்தான் இப்போது கண்டவர்களும் பாட்டில் விற்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கழிப்பறை தேடிப் பின்பக்கம் போனேன் (இருந்தது ஒன்றே ஒன்று, குழாயில் தண்ணீர் இல்லை, அதை இத்தோடு விடுகிறேன்). அங்கே ஒரு ஆட்டோ நின்றது. பின் சீட்டிலிருந்து மூடி போட்ட ஸ்டீல் வாளிகளை ஒருவர் இறக்கிக்கொண்டிருந்தார். சமையல் கொட்டகையில் ஒரு அக்கா வாளியைத் திறந்து குழம்பை மண்பானையில் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் விறகு நன்றாக எரிந்தது. மேலே இருந்த பானையில் வெறும் வெந்நீர். படம் எடுக்கிறவர்களுக்காகவாம்.

ஆட்டோக்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். “இது ரெண்டாவது ட்ரிப்பு அண்ணே. லீவு நாளு இல்லியா” என்றார். கூடவே, தோட்டம் இவர்களுடையது இல்லை, குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

நாட்டுக்கோழி என்று வந்தது பிராய்லர். எலும்பு பல்லில் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. சம்பா அரிசிச் சோறு என்று போட்டிருந்தார்கள், வந்தது வெள்ளைப் பொன்னி. மயக்கின மரச்சீனி (மசித்த மரவள்ளிக் கிழங்கு) மட்டும் ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது, மறைக்க மாட்டேன். அம்மா அதையே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தங்கச்சி மகள் குளத்துப் பக்கம் போய்விட்டாள். வேலி கிடையாது, படி முழுக்கப் பாசி, பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. மச்சான் ஓடிப்போய்த் தூக்கினார். நல்லவேளை. இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்கு அவளுக்குப் பிடித்தது எது தெரியுமா? வேலியோரம் ஏத்தன் வாழை (நேந்திரன்) குலை தள்ளி நின்றது. கீழே தொங்கிய வாழைப்பூவின் மடலை விரித்துக் காட்டினேன். உள்ளே வரிசையாகக் குட்டிப் பூக்கள். “மாமா, எல்லாம் பழமா ஆகுமா?” என்று பத்து தடவை கேட்டாள். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை. அதே ஏத்தன் எங்கள் அத்தை வீட்டுக் கொல்லையிலும் நிற்கிறது.

கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளில் பில். மாட்டுவண்டிக்குப் பிள்ளைகள் மூன்று பேருக்கு 150, தூண்டில் வாடகை இரண்டுக்கு 300 (மீன் கடிக்கவில்லை), தேன் 1,300. இதெல்லாம் போக, 6,300-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 1,134 ரூபாய். “ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுங்க” என்றேன். “அது ஆடிட்டர்கிட்ட இருக்கு சார்” என்றார் உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டவர். பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. தமிழ்நாட்டு எண் என்றால் 33-ல் தொடங்கி 15 எழுத்தும் இலக்கமுமாக பில்லிலேயே இருக்க வேண்டும். நான் விடாமல் கேட்டதும் குரலைத் தணித்துக்கொண்டு, “ஒரு விவசாயிக்கு உதவுனதா நினைச்சுக்கோங்க சார்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். எந்த விவசாயிக்கு? பனை இல்லை, தேன் இல்லை, கோழி பண்ணைக் கோழி, குழம்பு ஹோட்டல் குழம்பு. நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு மட்டி வாழைக் குலையைச் சுமந்து வந்து, விலை படியாமல் கிடைத்ததற்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அவர்களில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவர்கள் பேரைச் சொல்லி இவர் வசூலிக்கிறார். ஆனாலும் அம்மாவும் பிள்ளைகளும் வண்டியில் காத்திருந்தார்கள், கட்டிவிட்டுத்தான் வந்தேன். முன்பணத்தையும் சேர்த்து அன்றைய செலவு 9,284 ரூபாய், பெட்ரோல் தனி.

மறுநாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அது சரிவராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே விவரம், அந்தத் துண்டுத்தாள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒரு தேன் பாட்டிலைச் சீல் உடைக்காமல் வைத்திருக்கிறேன். பில் தரத் தயங்கினால் ஒரு பேப்பரிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எனக்குக் கைகொடுப்பது அதுதான்.

இதே மாதிரி யாராவது கூப்பிட்டால் பணம் அனுப்பும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த மாசம் தோட்டத்தில் என்ன இருக்கு?” உண்மையான தோட்டக்காரர் முதலில் இல்லாததைத்தான் சொல்வார். “அக்கானி இப்ப கிடையாது, சக்கை முடிஞ்சுது, வேணும்னா நல்லமிளகு பார்க்கலாம்” என்பார். (சக்கை என்றால் பலா.) எல்லாம் இருக்கு என்றால் போனை வைத்துவிடுங்கள். குளத்துக்கு வேலி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நேற்று அதே குழுவில் கிறிஸ்துமஸ் லீவுக்கு மறுபடியும் விளம்பரம் வந்திருக்கிறது. அதே பதநீர், அதே மங்குஸ்தான் படம். பெரியவர்களுக்கு இப்போது 1,100.