புதுசு போல மின்னும் பழைய சீக்கோ வாட்சை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கைக்கடிகாரம் சேர்க்கலாம் என்று நான் ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. பெரிய திட்டமெல்லாம் இல்லை, மூன்று போதும் என்று நினைத்தேன். இங்கே சிங்கப்பூரில் முஸ்தபா கடையில் வாங்கிய கேசியோ எஃப்-91டபிள்யூ ஒன்று (1989இல் வந்த மாடல், இன்னும் அப்படியே விற்கிறார்கள்), பேட்டரி இல்லாமல் ஓடும் பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று, போனஸ் வந்ததும் புதிதாக ஒன்று. அந்த இரண்டாவதில்தான் 280 வெள்ளி போனது.

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய கடைத்தொகுதி ஒன்றில் இரண்டாம் மாடியில் இருக்கும் சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆரஞ்சு நிற டயலோடு ஒரு சீக்கோ 5, அப்படி மின்னியது. கடைக்காரர் நம்ம ஆள், ஐம்பது வயது இருக்கும். "தம்பி, இது 69 மாடல், ஒரே ஆள் கட்டினது, டயல் முள் எல்லாம் ஒரிஜினல்"னு சொன்னார். "சர்வீஸ் பண்ணியிருக்காண்ணே?" என்று கேட்டேன். "போன மாசம்தான் பண்ணினேன், தினமும் காலையில சாவி மட்டும் கொடுத்துருங்க" என்றார். தமிழில் பேசுகிறார், தம்பி என்கிறார், நம்பிவிட்டேன். ரசீதில் 'பழைய வாட்ச் 1, 280' என்று மட்டும் எழுதிக் கொடுத்ததை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

ஒரு வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் பின்தங்கும், இரவு கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கும். கடைக்காரர் சொன்ன மாதிரி தினமும் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன். எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் காப்பிக்கடை ஓரத்தில் வாட்ச் பழுது பார்க்கும் ஒரு சீன அங்கிள் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், கடைசியில் அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் டயலின் அடி விளிம்பைத்தான் பார்த்தார். ஆறு மணிக்குக் கீழே, வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் மாடல் எண் அச்சிட்டிருக்க வேண்டுமாம். இதில் ஒன்றுமே இல்லை, சும்மா ஆரஞ்சுப் பெயின்ட். 'சீக்கோ' என்ற எழுத்தை என்னையும் லென்ஸில் பார்க்கச் சொன்னார், ஓரமெல்லாம் மை கசிந்த மாதிரி தடித்துப் போயிருந்தது. அப்புறம் பின்மூடியைத் திருப்பினார். அதில் வரிசை எண் 8இல் தொடங்குகிறது. அந்தக் காலத்து சீக்கோவில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 8 என்றால் 78 ஆகவோ 88 ஆகவோ இருக்கலாம், 69 எப்படியும் வராது. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது 7009 மெஷின், அது வந்ததே எழுபதுகளில். அதைவிட என்னை உறுத்தியது, அந்த மெஷினுக்குச் சாவி கொடுக்கவே முடியாது, கையில் கட்டி அசைந்தால்தான் ஸ்பிரிங் ஏறும். தினமும் சாவி கொடுங்கள் என்று சொன்னவருக்கு, தான் விற்பது என்ன என்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்லியிருக்கிறார்.

டயலைக் கழற்றியபோது இன்னும் மோசம். டயலின் பின்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவை மெஷினில் உள்ள துளையில் உட்காரும். இதில் இரண்டையும் வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் பசையில் கொஞ்சம் மெஷினுக்குள்ளும் போயிருந்தது. சர்வீஸ் செய்ததற்கான அறிகுறியே இல்லை, எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. இப்படிப் பெயின்ட் அடித்து, வேறு வேறு வாட்சின் பாகங்களைச் சேர்த்து விற்பவற்றைச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். அதே ஆரஞ்சு டயல் வாட்சை இணையத்தில் 60 வெள்ளிக்குப் பார்த்தேன், வயிறு எரிந்தது.

திரும்பப் போய்க் கேட்டேன். "நான் எங்க தம்பி ஒரிஜினல்னு சொன்னேன், ரசீதுல இருக்கா பாருங்க" என்றார் அந்த அண்ணன். பார்த்தேன், இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் நான் முழுதாக மாட்டிக்கொண்டேன். ஆகவே புதிதாக ஆரம்பிப்பவர்கள், கடைக்காரர் வாயால் என்ன சொல்கிறாரோ அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்: மாடல் எண், பின்மூடி எண், டயல் ஒரிஜினலா மறுபடி பெயின்ட் அடித்ததா, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது. எழுத மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்வதும் தப்பில்லை, நல்ல கடைகளில் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள், அதற்கப்புறம் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். குறையுள்ள பொருளை விற்ற கடையைக் கேள்வி கேட்க வழி செய்யும், 2012இல் சிங்கப்பூரில் வந்த லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும், ஆனால் விற்றவர் கடைக்காரராக இருக்க வேண்டும், தனி ஆளிடம் வாங்கியதற்குச் செல்லாது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், என்னைப் போல 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை கேட்கும் வாடிக்கையாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

நான் மனு போட்டுவிட்டேன். அங்கிள் எடுத்துக் கொடுத்த படங்களையும், வெட்டிய கால்களோடு அந்த டயலையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களிடமும் இதே மாதிரி பளபளக்கும் பழைய சீக்கோ இருந்தால் இன்றைக்கே ஆறு மணிக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஆறு மாதம் தாண்டுவதற்குள்.