ராணுவ உதிரிபாகம்: ஒரே நிறுவனமா, போட்டி டெண்டரா?

அமெரிக்க அனுபவத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

விலை: ஒரே நிறுவனம் என்றால் அது சொன்னதுதான் விலை. விமான உதிரிபாக நிறுவனமான டிரான்ஸ்டைமிடம் (TransDigm) வாங்கிய 47 பாகங்களில் 46-க்கு அதீத லாபம் போயிருப்பதாக 2019-இல் பென்டகன் தணிக்கை கண்டது, 1.61 கோடி டாலர் திரும்பி வந்தது. டெண்டரில் அடுத்தவன் விலையைக் குறைப்பானோ என்ற பயம் இருக்கும்.

வேகம்: ஒரே நிறுவனம்தான். டெண்டர் இழுக்கும்.

கண்காணிப்பு: போட்டி இல்லாத இடத்தில் பில்லை யாராவது பார்த்தாக வேண்டும். சி-17 விமானக் கழிப்பறையின் சோப்பு டிஸ்பென்சருக்குச் சந்தை விலையைவிட 80 மடங்குக்கு மேல் கொடுத்ததாக 2024-இல் வந்த தணிக்கை அறிக்கை சொல்கிறது. சோப்புக்கே இந்தக் கதி!

சரி, எதற்கு எது? வடிவமைப்பு உரிமை ஒருவரிடமே இருக்கும் பாகத்துக்கு வேறு வழியில்லை. செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். கடையில் கிடைக்கிற சாமானுக்கு டெண்டர்தான்.