துருக்காப்பு என்று சொல்லி ₹38,500 வாங்கிக்கொண்டு ஹெரால்டின் சஸ்பென்ஷனைப் பாழாக்கியவர்கள்: ஓர் எச்சரிக்கை

பழைய கார்களின் சஸ்பென்ஷன் (வண்டியைச் சக்கரங்களின் மேல் தாங்கும் அமைப்பு) உறுப்புகளைத் துருநீக்கிப் பூச்சிட்டுத் தருவதாக, வாகனச் சேவைகளுக்கான ஒரு முன்பதிவுச் செயலியின் வழியே வேலை எடுக்கும் பட்டறை ஒன்று என்னிடம் ₹38,500 வாங்கிக்கொண்டு, இருந்ததையும் கெடுத்துத் திருப்பித் தந்திருக்கிறது. செயலியின் பெயரையும் பட்டறையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கும்போது எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் நண்பர் தடுத்துவிட்டார். முன்பக்க ஸ்பிரிங் முறிந்தது போன வாரம்தான் என்பதால் கோபம் இன்னும் அடங்கவில்லை; சொற்களில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி, சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். அக்காலத்து அம்பாசிடரையும் பியட்டையும் போலன்றி அதற்குத் தனிச் சட்டகம் உண்டு. முன்பக்கம் இரட்டை விஷ்போனும் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கைகள்) காயில் ஸ்பிரிங்கும், பின்பக்கம் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்கும் அதைத் தாங்குகின்றன. முன் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க் என்னும் எஃகுத் துண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருப்பார்கள். அது டிரன்னியன் என்னும் வெண்கலத் தாங்குதுண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையின் மேல்தான் சுழலும். அங்கே எண்ணெய் வற்றி நீர் புகுந்தால் மரை துருப்பிடித்து, லிங்க் முறிந்து, சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். திருவான்மியூரில் கடற்காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும் ஒரு வண்டிக்கு, எஞ்சினைவிட இந்தத் துண்டுகளைக் காப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்திருந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் ஒவ்வோர் உறுப்பாக எழுதிக் கொடுத்தேன். விஷ்போன் கைகளை மணல்பீய்ச்சி வெற்று எஃகுவரை சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்புப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) செய்ய வேண்டும். காயில் ஸ்பிரிங்குகளை அமிலத்தில் தோய்க்கவும் கூடாது, ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாக மின்முலாம்) செய்யவும் கூடாது. இலேசாகப் பீய்ச்சி எபாக்ஸி பெயின்ட் அடித்தால் போதும். வெர்டிகல் லிங்க்குகளின் மரையை முழுவதும் மூடி ஒட்டிய பிறகே பீய்ச்ச வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ₹38,500 என்றார்கள். ₹20,000 செயலியின் வழியாக முன்பணம். மீதி ₹18,500 பொருளைக் கையில் கொடுக்கும் முன்.

அந்தத் தொகைக்கு நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அந்தப் பட்டறை உரிமையாளரின் பேச்சு. பொருள்களைப் பார்க்க அவரே வீட்டுக்கு வந்தார். சட்டகத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, டிரன்னியனில் இருக்கும் பிளக்கை விரலால் தொட்டு, "இதில் நிப்பிள் போட்டு கிரீஸ் அடித்துத்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள் சார், இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும்" என்றார். சென்னையில் நான் பார்த்த மெக்கானிக்குகளில் இதைத் தானாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. வயதான மெக்கானிக்குகள்கூட கிரீஸ் கன்னைத்தான் தேடுவார்கள். பிறகு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து, அமிலத்தில் போட்டால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும் என்று, நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் இதையெல்லாம் செய்யாமல் விடுவார் என்று யாருக்குத் தோன்றும்? என் மனைவிகூட "இவராவது விஷயம் தெரிந்தவராக இருக்கிறாரே" என்றாள். முன்பணம் அன்று மாலையே போனது.

திரும்பி வந்த பொருள்கள், காற்றுக்குமிழ் தாளில் சுற்றி, நகைக்கடைப் பெட்டியைப் போலப் பளபளத்தன. மீதிப் பணம் கொடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரிக்க விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். டிரன்னியனை லிங்க்கில் திருகிப் பார்த்தபோது அது இறுக்கமின்றி ஆடியது. மரையை மூடாமலேயே மணல் பீய்ச்சியிருக்கிறார்கள். மரையின் முகடுகள் தேய்ந்து மொழுக்கையாகிவிட்டன. இடப்பக்க லிங்க் முற்றிலும் போயிற்று. வலப்பக்கத்தது தப்பியது, அதுவும் தற்செயலாக. இடம், வலம் இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை என்பதால் ஒன்றை மற்றதற்கு மாற்றிப் போட வழியில்லை. கிரீஸ் அடிக்காதீர்கள் என்று எனக்கு உபதேசம் செய்த மனிதர், அதே மரையைத் தன் பட்டறையில் அரைத்துத் தள்ளியிருக்கிறார்.

விஷ்போன்களின் கதை மழைக்காலத்தில் வெளிவந்தது. வண்டியை ஓட்டக்கூட இல்லை. கூரையின் கீழே தாங்கிகளின் மேல் நின்ற நிலையிலேயே, பூச்சின் விளிம்புகளில் பழுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கின. ஒரு மூலையைக் கத்தியால் சுரண்டினால் பவுடர் பூச்சு தோல்போல உரிந்து வந்தது. அதன் அடியில் பிரைமர் என்று எதுவுமே இல்லை, பழைய துருவின் குழிகள் அப்படியே இருந்தன. பவுடர் கோட்டிங்கின் குறையே இதுதான்: நல்ல எஃகின் மேல் அது கெட்டியான கவசம், ஆனால் துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும் மூடி. வெளியே பளபளப்பு இருப்பதால் உள்ளே எஃகு கரைவது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. சாதாரண பெயின்ட் என்றால் கொப்பளித்தாவது எச்சரித்திருக்கும்.

ஸ்பிரிங்கைப் பற்றி எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. நண்பர் ஒருவர் இரவல் தந்த பழைய லிங்க்கை வைத்து, சக்கரங்களை மாட்டி, வண்டியை முதன்முறையாகத் தரையில் இறக்கி நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலையில் வண்டி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. நின்ற இடத்திலேயே, யாரும் தொடாமல், முன் ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பழைய விரிசலின் கறையோ துருவோ இல்லை. பொடிமணிகளாக மின்னிய புதிய முறிவு. கறுப்புப் பூச்சைச் சுரண்டினால் அடியில் துத்தநாகத்தின் வெள்ளி நிறம்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறார்கள். ஸ்பிரிங் எஃகு மிகவும் கடினமாக்கப்பட்டது. அமிலத்தில் தோய்க்கும்போதும் மின்முலாம் பூசும்போதும் உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் அத்தகைய எஃகுக்குள் நுழைந்து தங்கிவிடும். சுமை ஏறிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது உடையும். இதைத் தவிர்க்க வேண்டுமென்றால், முலாம் பூசி முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் அடுப்பில் வைத்திருக்க வேண்டும். இதை நான் கேட்டபோது பட்டறையில் வந்த பதில்: "பவுடர் அடுப்பில் வைத்தோமே சார்." பவுடர் உருகிப் படிவதற்கு ஏறத்தாழ அதே வெப்பம்தான், உண்மை, ஆனால் அதற்குப் பத்து இருபது நிமிடங்கள் போதும். ஹைட்ரஜன் வெளியேற அது காணாது. அந்த ஸ்பிரிங் நின்றபடியே உடைந்தது என் குடும்பத்தின் நல்ல நேரம். பழைய மகாபலிபுரம் சாலையில் உடைந்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

அதன்பிறகு நடந்தது தட்டிக்கழிப்பு மட்டுமே. முதலில், "நீங்கள் கேட்காமலேயே ஜிங்க் போட்டுக் கொடுத்தோம், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லையே" என்று பெருந்தன்மை காட்டினார்கள். விசாரித்தபோது, பிளேட்டிங்கையும் பவுடரையும் வேறு இடத்துக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியிருந்ததும், என் எழுத்துக் குறிப்பு அங்கே போகவே இல்லை என்பதும் தெரிந்தன. துருவைப் பற்றிக் கேட்டால் "சென்னைக் காற்றில் உப்பு சார்" என்றார்கள். அந்த உப்புக்காகத்தானே ₹38,500 கொடுத்தேன்? பிறகு உரிமையாளர் வெளியூர் போய்விட்டார். இன்றுவரை திரும்பியதாகத் தெரியவில்லை. செயலியின் வாடிக்கையாளர் பிரிவோ, பட்டறை ஒரு சுயேச்சையான கூட்டாளி என்றும், பொருள் பெற்ற 48 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டு, என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடியது. மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடினார்கள். கடைசியில் ஆறுதலாக ₹1,500 மதிப்புள்ள கார் கழுவும் கூப்பன் ஒன்றை அனுப்பினார்கள். ஸ்பிரிங் உடைந்து நகர முடியாத காரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ₹38,500-க்காக அலைவது வீண் என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

எப்படிப் பூச வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில: மணல் பீய்ச்சிய வெற்று எஃகை, பிரைமர் படும் முன் நீங்களே நேரில் பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் அதே நாளில் பிரைமர் ஏறாவிட்டால் மறுபடி துரு பூக்கும். ஸ்பிரிங்கையும் மரையுள்ள எதையும் கோட்டிங்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கம்பி பிரஷ்ஷும் எபாக்ஸி டப்பாவும் வீட்டிலேயே போதும். ரசீதில் 'கோட்டிங் வேலை' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். பிரித்துப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

இடப்பக்க வெர்டிகல் லிங்க், ஹெரால்டு அல்லது டிரையம்ப்பின் ஸ்பிட்ஃபயர் காருடையது, மரை கெடாமல் யாரிடமாவது உபரியாக இருந்தால் தெரிவியுங்கள். இரவல் வாங்கியதை நண்பருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.